கடைமடை அறைக்கும் இணையம்

காவிரி கடலோடு கலக்கும் மண்ணில் வாழும் நமக்குக் கடைமடை என்னும் சொல்லின் பொருளை எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. மேட்டூரில் அணை திறந்தது என்ற செய்தி கேட்டதும் தலைமடைக்காரர் மகிழ்ந்து விடுவார். அந்த நீர் கல்லணையைத் தாண்டி, அரசலாற்றிலும் அதன் கிளை வாய்க்கால்களிலும் நடந்து, காரைக்கால் வயலின் கடைசி வரப்பைத் தொடும் வரையில் நாம் மகிழ முடியாது. காவிரி நடுவர் மன்றம் 2007-ஆம் ஆண்டில் புதுச்சேரிக்கு 7 டி.எம்.சி. நீரை ஒதுக்கியதும், 2018-இல் உச்ச நீதிமன்றம் அந்த அளவைக் குறைக்காமல் விட்டதும் இந்தக் கடைமடை வயல்களை எண்ணியே. எவ்வளவு நீர் திறக்கப்பட்டது என்பது ஒரு கேள்வி. அது கடைசி வயலுக்கு வந்ததா என்பது வேறொரு கேள்வி.

இன்று நம் வீடுகளுக்குள்ளும் ஒரு கடைமடை உண்டாகியிருக்கிறது. இணைய நிறுவனத்தார் வந்து ஒரு பெட்டியைப் பொருத்திச் செல்கிறார்கள். தெருவிலிருந்து கம்பி நுழையும் இடம் வாசல் கூடம்; தொலைக்காட்சி இருப்பதும் அங்கேதான். ஆகவே பெட்டியும் அங்கேயே அமர்ந்து விடுகிறது. கூடத்தில் அமர்ந்து செய்தி பார்ப்பவருக்கு இணையம் வெள்ளமாகப் பாய்கிறது. நடு அறையில் அது பாதியாகிறது. சமையலறையை ஒட்டிய பின்னறையில், மாடிப்படிக்குக் கீழே மேசை போட்டுப் படிக்கும் பெண்ணுக்குச் சொட்டுகூட வருவதில்லை. 2020-இல் பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளிகள் மூடப்பட்டுப் பாடங்கள் கைப்பேசி வழியே நடந்தபோது, இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதை நாம் கண்கூடாகக் கண்டோம். ஒரே வீட்டில், ஒரே கட்டணத்தில், ஒருவருக்குப் பாடம் கேட்டது, மற்றொருவருக்குக் கேட்கவில்லை.

இக்குறையைப் போக்க இப்பொழுது மெஷ் வைஃபை என்னும் கருவிகள் கடைகளில் கிடைக்கின்றன. வாங்கி வந்த பின்னர்தான் பலருக்கும் ஐயம் எழுகிறது. நிறுவனம் தந்த பெட்டி ஏற்கனவே இருக்கிறதே, இதனை அதனோடு எவ்வாறு இணைப்பது? இரண்டும் சேர்ந்தால் ஒன்றுக்கொன்று இடைஞ்சல் ஆகாதா? இக்கட்டுரை அந்த ஐயத்தைத் தீர்க்கவே எழுதப்பட்டது. பெற்றோர்கள் இதனைத் தம் பெண்களோடு சேர்ந்து படித்தால் நன்று. ஏனெனில் இவ்வேலையைச் செய்து முடிக்கப் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி போதும்.

சுவரும் அலையும்

கண்ணுக்குத் தெரியாத அலைகள் சுவரைக் கடந்து செல்லும் என்பதை உலகுக்குக் காட்டியவர்களுள் முதன்மையானவர் நம் நாட்டு விஞ்ஞானி ஜகதீச சந்திர போஸ் ஆவார். 1895-இல் கல்கத்தா நகர மண்டபத்தில் அவர் எழுப்பிய நுண்ணலைகள் இடையே இருந்த சுவரைக் கடந்து சென்று மணியை ஒலிக்கச் செய்தன. வெடிமருந்தை வெடிக்கச் செய்தன. போஸுக்கு இயற்பியலில் ஆர்வம் மூட்டியவர் கல்கத்தா புனித சவேரியார் கல்லூரியில் கற்பித்த இயேசு சபைக் குருவான லஃபோன் அடிகளார் என்பது நாம் பெருமையோடு நினைக்கத்தக்கது.

திருச்சபையும் இவ்வலைகளை முன்கூட்டியே வரவேற்றது. 1931 பிப்ரவரி 12-ஆம் நாள் மார்க்கோனி அமைத்துக் கொடுத்த வத்திக்கான் வானொலியைத் திருத்தந்தை பதினோராம் பத்திநாதர் தொடங்கி வைத்தார். 1933-இல் வத்திக்கானுக்கும் சுமார் 20 கிலோமீட்டர் தொலைவிலுள்ள காஸ்தல் கந்தோல்ஃபோ மாளிகைக்கும் இடையே மார்க்கோனி குற்றலை இணைப்பு ஒன்றையும் ஏற்படுத்தினார். ஒரு மாளிகையிலிருந்து மற்றொரு மாளிகைக்குக் கம்பியின்றிப் பேசிய அந்த இணைப்பை, நாம் பேசப் போகும் மெஷ் கருவிகளுக்கு மூதாதை என்று கூறினால் மிகையாகாது.

ஆனால் எல்லா அலையும் எல்லாச் சுவரையும் ஒரே விதமாகக் கடப்பதில்லை. வைஃபை பெரும்பாலும் இரண்டு அலைவரிசைகளில் இயங்குகிறது. ஒன்று 2.4 கிகாஹெர்ட்ஸ், அதன் அலைநீளம் ஏறத்தாழ 12 சென்டிமீட்டர். மற்றொன்று 5 கிகாஹெர்ட்ஸ். அதன் அலைநீளம் ஏறத்தாழ 6 சென்டிமீட்டர். முன்னது மெதுவானது, ஆனால் சுவரை ஓரளவு தாங்கிச் செல்லும். பின்னது வேகமானது, ஆனால் இரண்டு தடித்த சுவர்களைக் கண்டால் சோர்ந்து விடும். பழைய காரைக்கால் வீடுகளின் கனத்த செங்கல் சுவர்கள் வெயிலைத் தடுப்பது போலவே இவ்வலையையும் தடுக்கின்றன. புதிய வீடுகளின் கான்கிரீட் தளத்திலுள்ள இரும்புக் கம்பிகள், இரும்பு பீரோ, நிலைக்கண்ணாடி, குளிர்சாதனப் பெட்டி, தண்ணீர்த் தொட்டி ஆகியவையும் அலைக்குப் பகை. மைக்ரோவேவ் அடுப்பு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை ஒட்டியே இயங்குவதால், அது எரியும் நேரத்தில் அருகிலுள்ள கைப்பேசி திணறும்.

நிறுவனப் பெட்டியின் மூன்று வேலைகள்

பி.எஸ்.என்.எல்., ஜியோ, ஏர்டெல் முதலிய எந்த நிறுவனமாயினும், ஃபைபர் இணைப்பில் வீட்டுக்குள் வைக்கும் பெட்டி ஒன்றாகத் தோன்றினும் உண்மையில் மூன்று வேலைகளைச் செய்கிறது. இதனைப் புரிந்து கொண்டால் பின்வருவன யாவும் எளிதாகும்.

முதல் வேலை ஒளியை மாற்றுவது. தலைமுடி அளவே கனமுள்ள கண்ணாடி இழையில் செய்தி ஒளியாக வருகிறது. பெரும்பாலான இணைப்புகளில் நம் வீட்டுக்கு வரும் ஒளி 1490 நானோமீட்டர் அலைநீளமும், நம் வீட்டிலிருந்து செல்லும் ஒளி 1310 நானோமீட்டர் அலைநீளமும் கொண்டவை. ஒரே இழையில் இரண்டும் எதிரெதிராகச் சென்றாலும் மோதிக் கொள்வதில்லை. இந்த ஒளியை மின் குறியாக மாற்றுவது பெட்டியின் கடமை. இப்பகுதிக்கு ஓ.என்.டி. என்று பெயர்.

இரண்டாம் வேலை வழிகாட்டுவது. வீட்டில் பத்துக் கருவிகள் இருந்தாலும் வெளியுலகுக்கு வீட்டின் முகவரி ஒன்றுதான். எந்தக் கருவி எதனைக் கேட்டது, வந்த விடையை யாரிடம் சேர்ப்பது என்று கணக்கு வைப்பவர் ரவுட்டர்.

மூன்றாம் வேலை பரப்புவது. அதாவது வைஃபை அலைகளை வீட்டுக்குள் வீசுவது.

பின்னறைக்கு இணையம் எட்டாதபோது குறை இருப்பது இந்த மூன்றாம் வேலையில் மட்டுமே. மற்ற இரண்டும் செம்மையாகவே நடந்து கொண்டிருக்கும். ஆனால் நாம் வாங்கி வரும் மெஷ் கருவியோ இரண்டாம் வேலையையும் மூன்றாம் வேலையையும் சேர்த்துச் செய்யும் ஆயத்தத்தோடு வருகிறது. குழப்பத்துக்கு வித்து அங்கேதான்.

மெஷ் என்பது யாது?

மெஷ் என்றால் வலைப்பின்னல். ஒரே பெட்டி முழு வீட்டுக்கும் கத்துவதற்குப் பதிலாக, இரண்டு அல்லது மூன்று சிறு பெட்டிகள் ஆங்காங்கே நின்று மெதுவாகப் பேசுகின்றன. அவற்றுள் ஒன்று தலைமைப் பெட்டி. அது நிறுவனப் பெட்டியோடு கேபிளால் இணைக்கப்படும். ஏனையவை துணைப் பெட்டிகள். அவை தலைமைப் பெட்டியிடமிருந்து வாங்கித் தம் பகுதிக்குக் கொடுக்கும். எல்லாவற்றுக்கும் ஒரே பெயர், ஒரே கடவுச்சொல். கைப்பேசியோடு கூடத்திலிருந்து பின்கட்டுக்கு நடந்தால், கைப்பேசி தானாகவே அருகிலுள்ள பெட்டிக்கு மாறிக் கொள்ளும். முன்னாளில் விற்ற ரிப்பீட்டர் கருவிகளில் பெரும்பாலும் வேறு பெயரில் வேறொரு வைஃபை தோன்றும். ஒவ்வொரு முறையும் நாமே மாற்ற வேண்டியிருக்கும். அந்தத் தொல்லை இதில் இல்லை.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே கூறிவிட வேண்டும். மெஷ் கருவி இணையத்தின் வேகத்தைக் கூட்டாது. மேட்டூரில் திறக்காத நீரை எந்த வாய்க்காலும் கொண்டுவர முடியாது. ஆகவே வாங்குமுன் ஒரு சோதனை செய்க. நிறுவனப் பெட்டிக்கு அருகிலேயே நின்று கைப்பேசியில் வேகத்தை அளந்து பாருங்கள். அங்கேயே வேகம் குறைவாயின் குறை நிறுவனத்தின் இணைப்பில், அவர்களிடம் முறையிடுக. அங்கே வேகம் நிறைந்து, பின்னறையில் மட்டும் குறைந்தால், குறை பரப்புவதில். அப்போதும் முதலில் செலவில்லாத வழியைப் பாருங்கள். பெட்டியைத் தரையிலிருந்தும் தொலைக்காட்சியின் பின்னாலிருந்தும் எடுத்து, வீட்டின் நடுவில், ஆள் உயரத்தில் வைக்க முடியுமா? இரண்டு அறை வீட்டுக்கு இதுவே போதுமானது. நீண்ட வீடு, மாடி வீடு, விடுதி, கன்னியர் மடம் போன்ற இடங்களுக்கே மெஷ் உண்மையில் பயன்படும்.

ஒரு விடுதிக்கு இரண்டு கண்காணிப்பாளரா?

இனி, முக்கியமான செய்திக்கு வருவோம்.

கடிதம் எழுதும் காலத்தில் கன்னியர் மட விடுதி ஒன்றை எண்ணிப் பாருங்கள். ஐம்பது மாணவிகள் இருப்பார்கள். வெளியே செல்லும் கடிதங்கள் எல்லாவற்றிலும் அனுப்புநர் முகவரி மடத்தின் முகவரியே. எந்த மாணவி யாருக்கு எழுதினாள் என்று விடுதிச் சகோதரி ஏட்டில் குறித்துக் கொள்வார். பதில் வந்ததும் ஏட்டைப் பார்த்து உரியவளிடம் சேர்ப்பார். ஏட்டில் இல்லாத அந்நியரின் கடிதம் வாயிலிலேயே நின்றுவிடும். ரவுட்டர் செய்யும் வேலை இதுவே. இதற்கு முகவரி மாற்றம் என்று பொருள்படும் நேட் என்னும் பெயரைத் தொழில்நுட்பத்தார் வழங்குகின்றனர்.

இம்முறை எதற்கு என்றால், பழைய இணைய முகவரி முறையில் உலகம் முழுமைக்கும் இருப்பதே ஏறத்தாழ 429 கோடி முகவரிகள். மக்கள் தொகையையும் கருவிகளின் எண்ணிக்கையையும் நினைத்தால் அது போதாது. ஆதலால் 192.168 என்று தொடங்கும் எண்கள் முதலான சில வரிசைகள் வீட்டு உபயோகத்திற்கென 1996-இல் வரையறுத்து ஒதுக்கப்பட்டன. அவை மடத்துக்குள் வழங்கும் அறை எண்களைப் போன்றவை. உங்கள் வீட்டிலும் இருக்கும். பக்கத்து வீட்டிலும் இருக்கும். வெளியில் அவற்றுக்கு மதிப்பில்லை.

இப்பொழுது அதே விடுதியில் இரண்டாவதாக ஒரு கண்காணிப்பாளரை நியமித்து, அவரிடமும் ஓர் ஏட்டைக் கொடுத்து, பாதி மாணவிகளை உள்வாயிலுக்குப் பின்னால் வைத்தால் என்ன ஆகும்? கடிதங்கள் போகும், வரும். ஆனால் ஒவ்வொன்றும் இரண்டு ஏடுகளில் ஏற வேண்டும். உள்வாயிலுக்கு அப்பாலிருக்கும் மாணவிக்கு வெளிவாயிலருகே இருக்கும் தோழி ஒரு துண்டுச் சீட்டுக்கூட அனுப்ப முடியாது. எங்கேனும் தவறு நேர்ந்தால் யாருடைய ஏட்டில் தவறு என்று கண்டுபிடிப்பதும் அரிது.

நிறுவனப் பெட்டியும் ரவுட்டராக இருந்து, மெஷ் தலைமைப் பெட்டியும் ரவுட்டராக இருந்தால் நேர்வது இதுவே. இதற்கு டபுள் நேட் என்று பெயர். செய்தி படிப்பதும் வீடியோ பார்ப்பதும் தடையின்றி நடக்கும். ஆகவே பலர் இதனை உணர்வதே இல்லை. ஆனால் பழைய வைஃபையில் இணைத்த பிரின்டரைப் புதிய வைஃபையில் உள்ள கணினி காணாது. வாசலிலுள்ள கண்காணிப்புக் கேமராவை வெளியூரிலிருக்கும் தந்தையார் பார்க்க முயன்றால் சில வேளைகளில் கிடைக்காது. பெற்றோர் ஒரு பெட்டியில் வைத்த நேரக் கட்டுப்பாடு மற்றொரு பெட்டியின் வைஃபைக்குப் பொருந்தாது. இரண்டு பெட்டிகளும் ஒரே எண் வரிசையை வீட்டுக்குள் வழங்கினாலோ, வழி தெரியாமல் இணையமே நின்று விடுவதும் உண்டு.

ஆகவே நினைவில் கொள்ள வேண்டிய விதி இது: பரப்புபவர் பலர் இருக்கலாம், வழிகாட்டுபவர் ஒருவரே இருக்க வேண்டும்.

முதல் வழி: பழையவரே வழிகாட்டட்டும்

நிறுவனப் பெட்டி ரவுட்டராகவே நீடிக்கும். மெஷ் பெட்டிகள் அலை பரப்புவதை மட்டும் செய்யும். இதற்கு ஆக்சஸ் பாயின்ட் மோடு என்று பெயர். நிறுவனத்தாரைக் கேட்க வேண்டியதில்லை; எதையும் கெடுத்துவிடும் அச்சமும் இல்லை. பெரும்பாலான வீடுகளுக்கு இதுவே ஏற்றது. செய்யும் முறை வருமாறு:

1. நிறுவனப் பெட்டியின் வைஃபை பெயரையும் கடவுச்சொல்லையும் ஒரு தாளில் எழுதி வைத்துக் கொள்க. பெட்டியின் அடியில் ஒட்டியுள்ள சீட்டைக் கைப்பேசியில் படம் எடுத்துக் கொள்வதும் நன்று.

2. நிறுவனப் பெட்டியின் லேன் துளைகளுள் ஒன்றிலிருந்து மெஷ் தலைமைப் பெட்டிக்குக் கேபிள் இணைக்க. மெஷ் பெட்டியோடு வரும் கேபிளே போதும். பழைய கேபிள்கள் சிலவற்றில் எட்டு இழைகளுக்குப் பதில் நான்கே இருக்கும். அவற்றில் வேகம் 100 மெகாபிட்டைத் தாண்டாது.

3. மெஷ் நிறுவனத்தின் செயலியைக் கைப்பேசியில் இறக்கி, அது சொல்லும் வரிசைப்படி தலைமைப் பெட்டியை அமைக்க. பெரும்பாலும் அது தன்னை ரவுட்டராகவே முதலில் அமைத்துக் கொள்ளும். பின்னர் அமைப்புகள் பகுதிக்குச் சென்று, இயங்கும் முறையை ஆக்சஸ் பாயின்ட் என்று மாற்றுக. பெட்டி அணைந்து மீண்டும் எரியும்.

4. புதிய வைஃபைக்குப் பழைய பெயரையும் பழைய கடவுச்சொல்லையுமே கொடுக்கலாம். அப்படிச் செய்தால் வீட்டிலுள்ள கருவிகளை ஒவ்வொன்றாக மீண்டும் இணைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கடவுச்சொல் ஊரறிந்ததாயின் இதுவே அதை மாற்ற நல்ல தருணம்.

5. இறுதியாக நிறுவனப் பெட்டியின் வைஃபையை நிறுத்திவிடுக. இதனை மறந்தால் கைப்பேசிகள் பழைய பெட்டியையே விடாமல் பற்றிக் கொண்டிருக்கும். அலைகளும் ஒன்றோடொன்று மோதும்.

6. துணைப் பெட்டிகளை முதலில் தலைமைப் பெட்டிக்கு அருகிலேயே வைத்துச் சேர்த்து, பிறகு உரிய அறைகளுக்கு எடுத்துச் செல்க.

இம்முறையில் ஒரு குறை உண்டு. சில மெஷ் கருவிகளில் நேரக் கட்டுப்பாடு, தளத் தடுப்பு போன்ற வசதிகள் ரவுட்டராக இருக்கும்போது மட்டுமே இயங்கும். அவ்வசதி வேண்டும் என்போர் இரண்டாம் வழியை நாடலாம்.

இரண்டாம் வழி: புதியவர் பொறுப்பேற்கட்டும்

இங்கே நிறுவனப் பெட்டி ஒளியை மாற்றும் வேலையை மட்டும் வைத்துக் கொண்டு, வழிகாட்டும் வேலையை மெஷ் தலைமைப் பெட்டியிடம் ஒப்படைத்துவிடும். அது வெறும் பாலமாகிவிடுவதால் பிரிட்ஜ் மோடு என்று பெயர்.

இதற்கு நிறுவனத்தாரின் ஒத்துழைப்பு வேண்டும். தொலைபேசியில் அழைத்து மூன்று கேள்விகளைக் கேளுங்கள். பிரிட்ஜ் முறைக்கு மாற்றித் தருவார்களா? இணைப்புக்கு பி.பி.பி.ஓ.இ. என்னும் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் உண்டா. வி-லேன் எண் ஏதேனும் கொடுக்க வேண்டுமா? அதே பெட்டியில் இயங்கும் வீட்டுத் தொலைபேசியும் தொலைக்காட்சி இணைப்பும் மாற்றத்துக்குப் பிறகும் இயங்குமா? விடைகளை எழுதிக் கொண்ட பின்னரே கை வைக்க வேண்டும். அந்தப் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் மெஷ் செயலியில் இட்டால், இணைப்பு நேரே மெஷ் பெட்டிக்கு வந்துவிடும்.

எல்லா நிறுவனங்களும் எல்லாப் பெட்டிகளிலும் இவ்வசதியைத் தருவதில்லை. அவர்கள் மறுத்தால் முதல் வழியே கதி. ஏதோ காரணத்தால் இரண்டு வழியும் இயலாத இடத்தில், டபுள் நேட் நிலையிலேயே விட்டுவிட்டாலும் பாடம் கேட்பதற்குத் தடையில்லை. ஆனால் பழைய பெட்டியின் வைஃபையை நிறுத்தி, பிரின்டர் உள்பட வீட்டுக் கருவிகள் எல்லாவற்றையும் மெஷ் பக்கமே கொண்டு வந்துவிட வேண்டும்.

மெஷ் பெட்டி ரவுட்டராக இயங்கும் வீட்டில் டபுள் நேட் இருக்கிறதா என்று அறிய எளிய வழி ஒன்று உண்டு. மெஷ் செயலியில் இணைய முகவரி என்ற இடத்தைப் பாருங்கள். அது 192.168 என்றோ, 10 என்றோ தொடங்கினால், பெரும்பாலும் மேலே இன்னொரு ரவுட்டர் அமர்ந்திருக்கிறது என்று பொருள். 100.64 முதல் 100.127 வரை தொடங்கினால், நிறுவனமே தன் அலுவலகத்தில் பல வீடுகளுக்கு ஒரு முகவரியைப் பங்கிட்டுக் கொடுக்கிறது என்று பொருள். அதனை வீட்டில் செய்யும் எந்த மாற்றத்தாலும் நீக்க இயலாது.

பெட்டியை எங்கே வைப்பது?

பலரும் துணைப் பெட்டியை இணையமே எட்டாத அறையின் நடுவில் கொண்டுபோய் வைக்கிறார்கள். இது வறண்ட வாய்க்காலின் கடைசியில் மடை கட்டுவது போலாகும். தனக்கே நீர் வராத இடத்திலிருந்து அது யாருக்குக் கொடுக்கும்? தலைமைப் பெட்டிக்கும் இருண்ட அறைக்கும் நடுவழியில், இடையே ஒரு சுவர் மட்டும் இருக்குமாறு வைப்பதே முறை. நடையிலோ தாழ்வாரத்திலோ, கதவுக்கு நேராக வைத்தால் அலை கதவு வழியே செல்லும். முற்றமுள்ள வீட்டில் முற்றத்தின் வெட்டவெளி அலைக்கு நல்ல பாதை. ஆனால் மழைச் சாரல் படாத இடமாகப் பார்த்துக் கொள்க. மாடி வீட்டில் மேல் பெட்டியை மாடிப்படியின் தலைப்பில் வைப்பது சிறந்தது.

ஒவ்வொரு பெட்டியும் ஒரே அலைவரிசையில் வாங்கி அதிலேயே கொடுத்தால், ஒவ்வொரு தாவலிலும் வேகம் ஏறத்தாழ பாதியாகும். ஆதலால் தேவைக்கு மேல் பெட்டிகளை அடுக்குவது பயனற்றது. இயலுமாயின் துணைப் பெட்டிக்கும் கேபிள் இழுத்துவிடுங்கள். 100 மீட்டர் வரை கேபிளில் வேகம் குறையாது; தடித்த சுவர் உள்ள விடுதிகளுக்கும் பள்ளிக் கட்டடங்களுக்கும் இதுவே நிலையான தீர்வு. வீடு கட்டுவோர் மின்சாரக் குழாய் பதிக்கும்போதே இணையக் கேபிளுக்கென ஒரு தனிக் குழாயையும் பதித்துவிட்டால் பின்னால் சுவரை உடைக்க வேண்டியிராது.

கண்ணாடி இழையைக் கூர்மையாக மடிக்கக் கூடாது என்பதையும் வீட்டார் அறிய வேண்டும். மடிப்பில் ஒளி கசிந்துவிடும். பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தால் ஒளி வரவில்லை என்று பொருள். மெஷ் பெட்டியைத் திரும்பத் திரும்ப அணைத்து எரிப்பதால் அது சரியாகாது.

புயலும் மின்வெட்டும்

2008-இல் நிஷா, 2018-இல் கஜா எனப் புயல்களைப் பார்த்த கரை இது. கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவே இடி மின்னல் அவ்விழை வழியே வீட்டுக்குள் வராது. பழைய செம்புக் கம்பிக்கு இல்லாத நன்மை இது. ஆனால் மின்சாரக் கம்பி வழியே வரலாம். பலத்த இடியின்போது பெட்டிகளின் பிளக்கைக் கழற்றிவிடுவது நல்லது.

மின்சாரம் நின்றால் நிறுவனப் பெட்டி, தலைமைப் பெட்டி, துணைப் பெட்டி மூன்றுக்கும் மின்சாரம் வேண்டும். ஒன்றுக்கு மட்டும் பேட்டரி வைத்துப் பயனில்லை. இவற்றுள் பெரும்பாலானவை 12 வோல்ட்டில் இயங்குவன. அதற்கென விற்கும் சிறு யு.பி.எஸ். கருவி சில மணி நேரம் தாங்கும். வாங்குமுன் பெட்டியின் அடாப்டரில் அச்சிட்டுள்ள வோல்ட் அளவைப் பார்த்துக் கொள்க. மின்சாரம் திரும்பியதும் முதலில் நிறுவனப் பெட்டியை எரியவிட்டு, அதன் விளக்குகள் நிலைகொள்ள இரண்டு மூன்று நிமிடம் காத்திருந்து, பின்னரே மெஷ் தலைமைப் பெட்டியை எரியவிட வேண்டும். கடலோர உப்புக் காற்று உலோக முனைகளை அரிக்கும். ஆகவே சன்னலோரத்தில் எந்தப் பெட்டியையும் வைக்க வேண்டாம்.

வாயிலும் பூட்டும்

கடைசி அறை வரை இணையம் செல்கிறது என்றால், கடைசி அறை வரை அந்நியரும் வரக்கூடும் என்பதே பொருள். ஆகவே பூட்டையும் பார்த்துவிட வேண்டும். பெட்டியோடு வந்த நிர்வாகக் கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றுக. வைஃபை பாதுகாப்பில் டபிள்யூ.பி.ஏ.3, அது இல்லையேல் டபிள்யூ.பி.ஏ.2 என்பதைத் தேர்ந்தெடுக்க. உறவினர்க்கும் விருந்தினர்க்கும் தனி விருந்தினர் வைஃபை கொடுக்கலாம். செயலி புதுப்பிக்கச் சொன்னால் தள்ளிப் போடாதீர். இரண்டாம் வழியைத் தேர்ந்தவருக்கு மெஷ் பெட்டியே வீட்டின் ஒரே காவலாளி.

பெற்றோர்க்கு ஒரு சொல். பின்னறைக்கு இணையம் சென்றால் பெண்பிள்ளை கண் பார்வையிலிருந்து விலகிவிடுவாளே என்று அஞ்சி, அதனைக் கூடத்திலேயே நிறுத்தி வைப்போரும் உண்டு. அச்சம் நியாயமானதே. ஆனால் கூடத்தில் தொலைக்காட்சி அலறும்போது கணக்குப் பாடம் எவ்வாறு ஏறும்? இரவு பத்து மணிக்கு மேல் நிறுத்தம் என்று செயலியில் ஒரு நேரம் வையுங்கள். அந்த நேரம் மகளுக்கு மட்டுமன்றி மகனுக்கும், ஏன், நமக்கும் பொருந்தட்டும். இரகசியமாக வேவு பார்ப்பதைவிட, என்ன விதி, எதற்காக என்று சொல்லி வைப்பதே பிள்ளைகளை வளர்க்கும். 2025 செப்டம்பர் 7-ஆம் நாள் புனிதராக உயர்த்தப்பட்ட கார்லோ அகுதிஸ் கணினியில் வல்லவராய் இருந்து, நற்கருணைப் புதுமைகளைப் பற்றிய இணையதளம் அமைத்தவர். வீடியோ விளையாட்டுக்கு வாரத்தில் ஒரு மணி நேரமே என்று தமக்குத் தாமே அளவு வைத்துக் கொண்டவர். பதினைந்து வயதிலேயே இறைவனடி சேர்ந்த அவர் வாழ்வு, அளவும் பயனும் சேர்ந்தே நிற்க முடியும் என்பதற்குச் சான்று.

முடிவாக

அசிசி நகர் புனித கிளாராவைப் பற்றி நம் சகோதரிகள் கூறக் கேட்டிருப்பீர்கள். நோயுற்றுப் படுக்கையில் கிடந்த அவர் கிறிஸ்து பிறப்பு இரவில் ஆலயத்துக்குச் செல்ல இயலவில்லை. ஆயினும் அங்கு நடந்த வழிபாட்டைத் தம் அறையிலிருந்தே கண்டார், கேட்டார் என்பது மரபு. அதனாலேயே 1958-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் அவரைத் தொலைக்காட்சியின் பாதுகாவலியாக அறிவித்தார். அடைபட்ட அறையிலிருந்த ஒரு பெண்ணுக்குச் சுவர் தடையாகவில்லை.

நாம் செய்யக் கூடியது அத்தகைய அருஞ்செயல் அன்று. ஒரு கேபிளைச் சரியான துளையில் செருகி, இரண்டு பெட்டிகளுள் ஒன்றை மட்டும் வழிகாட்டச் செய்து, மற்றொன்றைச் சரியான இடத்தில் வைப்பதே. ஆயினும் தோழியரே, விடுமுறையில் வீட்டுக்குச் சென்றதும் ஒருமுறை கைப்பேசியோடு வாசலிலிருந்து கொல்லைப்புறம் வரை நடந்து பாருங்கள். எந்த அறையில் இணையம் நிற்கிறது, அந்த அறையில் இருப்பவர் யார் என்று குறித்துக் கொள்ளுங்கள். அது உங்கள் படிப்பு மேசையாக இருக்கலாம். வெளிநாட்டிலுள்ள மகனோடு பேசக் காத்திருக்கும் பாட்டியின் கட்டிலாக இருக்கலாம். சமையலறையில் நிற்கும் அம்மாவாக இருக்கலாம். தலைமடையில் நிற்பவர்க்கு நீர் தானே வரும். கடைமடைக்குக் கொண்டு சேர்க்கத்தான் ஒருவர் மண்வெட்டியோடு நடக்க வேண்டியிருக்கிறது. அந்த ஒருவர் இம்முறை நீங்களாக இருங்கள்.